தெரியாதவர் இறக்கும் சுமை

ஷாஹீன் அந்த ஏழாவது கல்லின் மேல் பையை இறக்கி வைத்தபோது பகல் பன்னிரண்டு மணி. சந்தை ரோட்டில் ஈ காக்கை இல்லை. புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, நாலு கிலோமீட்டர் உள்ளே போகிற ரோடு அது. காலை ஏழு மணியிலிருந்து அதில் நடந்து ஆறு கற்களை அளந்து, படம் பிடித்து, எழுதி முடித்திருந்தாள். தோளில் கேமரா, லேப்டாப், டேப், இரண்டு பாட்டில் தண்ணீர் என்று ஒரு பொதி. மார்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல் கண்ணில் பட்டதும், இதையும் அளக்க வேண்டுமே என்ற நினைப்புகூட இல்லாமல் பையைக் கழற்றி அதன் மேல் வைத்தாள். "யா அல்லாஹ்" என்று ஒரு பெருமூச்சு தானாக வந்தது.

எதிரே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் பையை வைத்ததும் எழுந்து நின்றார். ஆனால் கிட்டே வரவில்லை. அவள் தண்ணீர் குடித்து, முகம் துடைத்து, பையை மறுபடி தோளில் மாட்டுகிறவரை அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் ரோட்டைக் கடந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"எந்தூருங்க அம்மிணி?"

"சேலங்க. கோட்டை."

"நல்லா இருப்பீங்க. நூறு வருசம் நல்லா இருப்பீங்க."

ஒரு பையை வைத்ததற்கு இவ்வளவு பெரிய வாழ்த்தா என்று ஷாஹீனுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் வந்த காரியம் இதுதான். சந்தை ரோடு அகலமாகப் போகிறது. அகலத்துக்குள் ஏழு சுமைதாங்கிகள் வருகின்றன. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் ரோட்டோரம் நட்டு வைக்கிற கல் அது. இரண்டு தூண், மேலே ஒரு பலகை. தலைச்சுமையோடு நடந்து வருகிறவன் யார் கையும் கேட்காமல் சுமையை இறக்கலாம், யார் கையும் கேட்காமல் தூக்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவன் இறக்கும்போதும், இறக்க முடியாமல் போனவளின் பாரம் ஒரு இம்மி குறைகிறது என்பது நம்பிக்கை.

இந்தக் கற்களைக் காப்பாற்ற ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஷாஹீன் வேலை செய்யும் பாரம்பரிய அறக்கட்டளை ஒரு பக்கம், ரோடு போடும் கம்பெனி ஒரு பக்கம், பஞ்சாயத்து ஒரு பக்கம், மகளிர் குழு ஒரு பக்கம். நாலு பேருக்கும் காகிதத்தில் 'பண்பாட்டுப் பங்காளிகள்' என்று பெயர். நம் பக்கத்தில் பங்காளி என்றால் வரப்புக்கு வழக்குப் போடுகிறவன். இந்த நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து போண்டா தின்றதே பெரிய சங்கதி. கற்கள் பூங்காவுக்குப் போகும். பூங்காவில் கம்பு அடை, ராகி வடை விற்கும் கேண்டீனை மகளிர் குழு நடத்தும். சூரிய விளக்கு எரியும். பாரம்பரியமும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும், ரோடும் வரும். திட்டத்தை எழுதியது ஷாஹீன்தான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, அன்றைய சாயங்காலம் வரைக்கும்.

"இது எத்தனை வருஷத்துக் கல்லுங்க ஐயா?" என்று டேப்பைப் பிரித்தாள்.

"ஆறு வருசமாச்சுங்க."

ஷாஹீன் நிமிர்ந்து பார்த்தாள். கல்லைப் பார்த்தால் முந்நூறு வருஷம் சொல்லலாம். மூலைகள் மழுங்கி, தூணில் கயிறு அறுத்த தடம்கூட இருந்தது.

"பாழுங்கெணத்துல மாடு கட்டிக் கவலை எறைச்ச தூணுங்க அது. எங்க தோட்டத்துக் கெணறு. நானே புடுங்கிட்டு வந்து நட்டேன். எம் பொண்ணுக்குங்க. நித்யஸ்ரீ."

அவர் பெயர் நாச்சிமுத்து. இருபத்தெட்டு வருஷம் சங்ககிரி லாரி ஓட்டியவர். மகள் எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி விழுந்த அன்று அவர் நாக்பூரில் லோடு இறக்கக் காத்திருந்தார். ஊர் வந்து சேர மூன்று நாள். எல்லாம் முடிந்திருந்தது. அம்மா இல்லாத பெண். மருமகன் வேறு கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் போய்விட்டான்.

"இந்தக் காலத்துல ஆரு இதெல்லாம் நடறாங்கன்னு ஊர்ல சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அவளுக்கு நான் வேற என்னங்க பண்ணறது?"

ஷாஹீனுக்குப் பிரச்சினை உடனே புரிந்துவிட்டது. ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில் ஒரு விதி. நூறு ஆண்டுக்கு மேற்பட்டவை பூங்காவுக்கு. மற்றவை 'தடைகள்', அகற்றப்படும். அகற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஜல்லிக்கு உடைப்பார்கள்.

அன்று சாயங்காலம் சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். ஏழாவது கல், வயது என்ற இடத்தில் வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். கல் பழையதுதானே. நட்டதுதானே புதிது. 'தோராயமாக 150 ஆண்டுகள்' என்று எழுதினாள். நல்ல காரியம் செய்த நிம்மதியில் மல்லூர் வருவதற்குள் தூங்கிப்போனாள்.

அடுத்த மாதம் ஊர்க்கூட்டத்தில், "உங்க கல்லைக் காப்பாத்திட்டேன் ஐயா" என்று நாச்சிமுத்துவிடம் காதோடு சொன்னாள். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். எங்கே, எப்படி என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. படித்தவர்கள் ஒன்றைக் காப்பாற்றினேன் என்று சொன்னால் அது இருந்த இடத்தில் இருக்கும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அப்படி நினைத்தது அவர் தப்பா?

*

பூங்கா நன்றாகவே அமைந்தது. ரோட்டிலிருந்து நூறு அடி உள்ளே, புல் பதித்து, ஏழு கற்களையும் அரைவட்டமாக நிறுத்தி, அமிலம் படாமல் கழுவி, சுற்றிலும் சங்கிலி கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை வைத்தார்கள். பலகை வாசகம் ஷாஹீன் எழுதியது. 'கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக எழுப்பப்பட்ட சுமைதாங்கி. தொட வேண்டாம்.'

திறந்து இரண்டு வாரம் கழித்து ரோடு கம்பெனியின் சைட் இன்ஜினியர் அலெக்ஸ் போன் பண்ணினான். சேலம் செவ்வாய்பேட்டைப் பையன், வேலையில் கெட்டிக்காரன்.

"மேடம், அந்த லாரிக்காரத் தாத்தா தெனமும் உச்சி வெயில்ல இங்க வந்து நிக்கறாரு. உக்காருன்னா உக்கார மாட்டேங்கறாரு. வெயில்ல விழுந்து வெச்சாருன்னா நம்ம தலையில விடியும். நீங்க ஒருக்கா வந்து பேசுங்க."

ஷாஹீன் போனபோது நாச்சிமுத்து சங்கிலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. அவளைக் கண்டதும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று பிறகு அவள் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

"அவ வாராளுங்க அம்மிணி," என்றார்.

"யாருங்க ஐயா?"

"நித்யா. முந்தியும் வருவா. பச்சை நைட்டி, தோள்ல துண்டு, ஒரு கை இடுப்புல. உச்சிப்பொழுதுல ஊட்டு வாசப்படி நெலவுல வந்து நிப்பா. உக்காரு சாமின்னா உக்காரமாட்டா. புள்ளைத்தாச்சி எந்நேரந்தான் நிப்பா? ஆராச்சு ஒருத்தரு கல்லுல சுமை எறக்குனா, அப்புறம் நாலு நாளைக்கு வரமாட்டா. எங்கியோ உக்காந்துட்டான்னு நான் நெனைச்சுக்குவேன். நீங்க பையை வெச்சீங்களே, அப்ப ஒம்பது நாளு வரலீங்க."

ஷாஹீன் சங்கிலிக்குள் இருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப?"

"கல்லு இங்க வந்ததுலருந்து ஒரு நாள் தவறலீங்க. அவளைப் பார்த்துட்டுத்தான் இங்க வந்து நிக்கறனுங்க."

அவள் அவசரமாகச் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினாள். "வாங்க ஐயா. நீங்களே ஒரு மூட்டையைக் கொண்டாந்து வைங்க. யார் கேக்கறாங்கன்னு பார்க்கறேன். இல்லைன்னா நான் வைக்கறேன்."

நாச்சிமுத்து தலையை ஆட்டினார். "நான் வெச்சாச் செல்லாதுங்க. சொந்தம் ஒறம்பரை வெச்சாலும் செல்லாது. இனி நீங்க வெச்சாலும் செல்லாதுங்க. ஆருக்குக் கட்டுனதுன்னு தெரியாத ஆளு வெக்கோணும். அவன் பாட்டுக்கு நடந்து வந்து, அப்பாடான்னு எறக்கோணும். பாவம் பார்த்து எறக்குனா அது எப்படீங்க சுமையாகும்? அதனாலதான் கல்லுல நான் பேருகூட வெட்டலை."

ஷாஹீன் பலகையைப் பார்த்தாள். அவளே எழுதியது, தமிழிலும் இங்கிலீஷிலும். பூங்காவுக்குள் வருகிற ஒவ்வொருவரும் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். படித்துவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். இனி இந்த ஏழு பெண்களின் கல்லில் தெரியாமல் சுமை வைக்க உலகத்தில் ஒருவருக்கும் வழியில்லை. அவள் எழுதி எழுதி அடைத்துவிட்டாள்.

திரும்பும்போது அலெக்ஸிடம் நடந்ததை அரைகுறையாகச் சொன்னாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அது புதுக்கல்லா மேடம்? அடக் கடவுளே. நீங்க பழசுன்னு எழுதலேன்னா நான் கிரேன்ல தூக்கி அவரு காட்டோரம் நிறுத்திக் குடுத்திருப்பேனே. யாரு கல்லுன்னு சொல்லாம, ஆரம்பத்துலயே என்கிட்ட அதைத்தான் கேட்டாரு. லிஸ்ட்ல வந்துட்டதால தொட முடியாதுன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"உடைச்சிருக்க மாட்டீங்களா?"

"ஒரு கல்லை ஒடைச்சு எனக்கு என்ன ஆகப்போவுது மேடம்?"

ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை நாச்சிமுத்துவைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள் யாரையும் கேட்கவில்லை. தன் இரக்கத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

*

அந்த வாரம் வெள்ளிக்கிழமை. கணவன் தவ்ஹீத் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். ஷாஹீன் வீட்டிலிருந்தபடி அறிக்கை தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. குக்கர் விசிலை நிறுத்த எழுந்தவள் நடையிலேயே நின்றுவிட்டாள்.

சமையலறை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பச்சை நைட்டி. தோளில் துண்டு. ஒரு கை இடுப்பில், மற்றது நிலையைப் பிடித்தபடி. பயமுறுத்துகிற முகமில்லை. பஸ்ஸில் இடம் கிடைக்காத பெண் யாராவது எழுந்திருப்பார்களா என்று பார்ப்பாளே, அந்த முகம். மூச்சு வாங்குவது கேட்டது.

ஷாஹீனுக்கு ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. "உக்காரும்மா," என்று மட்டும் வாயில் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் நாற்காலியைப் பார்த்தாள். உட்காரவில்லை.

பருப்பு அடிப்பிடித்த நாற்றத்தில்தான் ஷாஹீனுக்குச் சுயநினைவு வந்தது. வாசலில் யாருமில்லை. தவ்ஹீத் வந்து கேட்டபோது தலைசுற்றல் என்று சொன்னாள். கண்டது நிஜமா, கேட்டதெல்லாம் மனதில் ஏறிக்கொண்டதா என்று விவாதம் பண்ண விரும்புகிறவர்கள் பண்ணிக்கொள்ளட்டும். அடுத்த நாள் பகல் பன்னிரண்டுக்கு அவள் வீட்டில் இருக்கவில்லை. அலுவலகத்தில் இருந்தாள். ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் அதே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தேடிப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

இயக்குநர் நவநீதகிருஷ்ணனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை நைட்டியைத் தவிர.

அவர் நல்ல மனிதர். இருபது வருஷமாகப் பாழடைந்த மண்டபங்களுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"புதன்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது ஷாஹீன். இது நல்லா முடிஞ்சா இன்னும் பதினோரு ஊருக்கு இதே கூட்டுத் திட்டம். அதுல எத்தனை கல்வெட்டு, எத்தனை குளம் பிழைக்கும்னு உனக்கே தெரியும். ஒரு கல்லோட வயசுக்காக அதைக் கவுக்கணுமா? குழு போகட்டும். ஒரு வருஷம் கழிச்சு அமைதியா மாத்திக்கலாம்."

"ஒரு வருஷம் அவ நிக்கணுமா சார்?"

"யார் நிக்கணும்?"

ஷாஹீன் எழுந்து வெளியே வந்தாள்.

புதன்கிழமை குழு வந்தது. மாலை, சந்தனம், ராகி வடை எல்லாம் ஆயிற்று. பெரிய ரிப்பன் கட்டிய தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி கற்களைச் சுற்றி வந்தாள். பகல் பன்னிரண்டு. நாச்சிமுத்து வழக்கம்போல வந்து சங்கிலிக்கு வெளியே நின்றார். அந்த அம்மாள், "அவர் யார்?" என்று கேட்டாள். நவநீதகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள் பஞ்சாயத்துத் தலைவர் முந்திக்கொண்டு, "நம்ம பாரம்பரியத்தைக் கும்பிட வர்ற ஊர்க்காரருங்க" என்றார். குழு கைதட்டியது. இரண்டு பேர் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள்.

ஷாஹீனுக்குக் கைதட்டல் பொறுக்கவில்லை. அந்த மனிதரின் முகத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. பார்க்காதவர்களில் முதல் ஆள் தான்தான் என்பதும் சேர்ந்தே பொங்கியது.

"ஏழாவது கல் பாரம்பரியச் சின்னம் இல்லை," என்றாள், சத்தமாக. "நட்டு ஆறு வருஷம் ஆகுது. இவர் மகளுக்காக இவர் நட்டது. நூத்தம்பது வருஷம்னு எழுதினது நான். பொய்யா எழுதினேன். இவரைக் கேக்காம எடுத்துட்டு வந்தோம். இது இவருக்குத் திரும்பப் போகணும்."

தொப்பி அம்மாள் நோட்டில் ஏதோ எழுதினாள். நவநீதகிருஷ்ணன் தரையைப் பார்த்தார்.

பதினோரு ஊர்த் திட்டம் 'மறுபரிசீலனைக்கு' என்று தள்ளிப்போனது. அது இன்றுவரை திரும்பி வரவில்லை. அந்த ஊர்களில் ஒன்றில் அடுத்த மழைக்குக் குளத்து மண்டபம் ஒன்று சரிந்து விழுந்ததாகக் கேள்வி. ஷாஹீனின் வேலை ஒப்பந்தத்தை அறக்கட்டளை புதுப்பிக்கவில்லை. மற்ற ஆறு கற்களும் பூங்காவில்தான் இருக்கின்றன, சங்கிலிக்குள். அந்த ஆறு பெண்களுக்காகக் கேட்க யாருக்கும் முறையில்லை. அது அவளை இன்னும் அறுக்கிறது.

*

கல்லை அவர் காட்டோரமே நடலாம் என்று அலெக்ஸ் கிரேனோடு வந்தான். நாச்சிமுத்து புது ரோட்டைப் பார்த்தபடி நின்றார். கார்கள் சீறிக்கொண்டு போயின. சந்தைக்கு இப்போது மினி ஆட்டோ போகிறது. நடந்து போகிறவன் ஒருவன்கூட இல்லை.

"இங்க ஆருங்க சுமையோட வருவாங்க?" என்றார்.

ஷாஹீன்தான் இடம் சொன்னாள். சந்தை ரோடு நெடுஞ்சாலையில் சேரும் முக்கு. வெளியூர் பஸ்கள் நிற்கும் இடம். நாமகிரிப்பேட்டைக்கும் ராசிபுரத்துக்கும் மாறிப் போகிறவர்கள் பையும் மூட்டையுமாகக் காத்து நிற்பார்கள். எல்லாம் எந்த ஊரோ என்னவோ ஆட்கள். அங்கே பஞ்சாயத்துப் புறம்போக்கில் அலெக்ஸ் கல்லை நட்டான். பலகை இல்லை, பெயர் இல்லை, பெயின்ட் இல்லை.

மறுநாள் பகலில் ஷாஹீன் பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினொன்றரை ஆயிற்று. பஸ்கள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள், ஒருவரும் கல்லைச் சீந்தவில்லை.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஈரோடு பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். வயிறு மேடிட்டு ஏழெட்டு மாதம் இருக்கும். தலையில் துணி மூட்டை, தறிக்குடோன் மூட்டை மாதிரிக் கனமானது. கூட யாருமில்லை. நாலடி நடந்தாள், நின்றாள், கல்லைப் பார்த்தாள்.

ஷாஹீன் பதறி எழுந்தாள். பிள்ளைத்தாய்ச்சி இந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று ஊரில் சொல்வதை அவளே குறிப்பெடுத்திருக்கிறாள். நாச்சிமுத்துவும் எழுந்துவிட்டார். "தெரியாம வெச்சா ஒண்ணும் பண்ணாதுங்க," என்று முனகினார். அவளுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

அந்தப் பெண் மூட்டையை மெதுவாகப் பலகைக்கல்லில் சரித்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மறு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, "ஸ்… அப்பாடா" என்றாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

நாச்சிமுத்து ரோட்டைக் கடந்து போனார். ஷாஹீனும் பின்னால் போனாள். கிட்டே போய் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியாது.

அந்தப் பெண் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். முகமெல்லாம் வேர்வை.

"ஆரோ புண்ணியவான், தலைச்சுமைக்குத் தோதா கட்டி வெச்சிருக்காங்க. குனிஞ்சு எறக்கியிருந்தன்னா எனக்கு உசுரே போயிருக்கும். ஆருங்க தாத்தா கட்டுனது? ஆருக்குங்க கட்டுனாங்க?"

நாச்சிமுத்துவின் உதடு அசைந்தது. ஆறு வருஷமாக அந்தக் கேள்வியை ஒருவரும் அவரிடம் இப்படி ஆசையாகக் கேட்டதில்லை. மகளின் பெயர் அவர் நாக்கு நுனியில் நிற்பதை ஷாஹீன் கண்ணாலேயே பார்த்தாள். அவர் எச்சிலை விழுங்கினார்.

"தெரியலீங்க சாமி," என்றார்.